முனிரத்தினம் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை

ஆமாம், நின்றுதான் போனது. சூரியனேதான். அதில் இன்னும் என்ன சந்தேகம்? 1955ஆம் வருஷம் மாட்டுப் பொங்கல் அன்று, உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற மேல்தாங்கல் ஊரில், மேற்கே ஒரு பனைமர உயரத்துக்கு இறங்கி வந்த சூரியன், முனிரத்தினம் தன் புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிக்கிறவரை அதே இடத்தில் நின்றது. ஐந்து பொத்தான். முனிரத்தினத்துக்கு அப்போது ஆறு வயசு. குட்டை விரல்கள், மெத்தென்று இருக்கும், சின்னப் பொருள் எதுவும் அவற்றில் லேசில் அடங்காது. நாக்கின் நுனியை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சுவிடக்கூட மறந்து, ஒவ்வொரு பொத்தானையும் காஜாவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா சிட்டம்மாள் எதிரில் குந்தியிருந்தாள். பொறுக்க முடியாமல் அவள் கை முன்னால் போனபோதெல்லாம் தட்டிவிட்டு "இரு" என்றான். நாலு பொத்தான் போட்டபிறகு பார்த்தால் மேலே ஒரு காஜா மிச்சம், கீழே ஒரு பொத்தான் மிச்சம், முதல் பொத்தானே மாறிப் போயிருக்கிறது. ஒரு சத்தம் போடவில்லை, அழவில்லை, நாலையும் கழற்றிவிட்டு மேலேயிருந்து தொடங்கினான். "இரு" என்றான் மறுபடியும். இந்த முறை அக்காவின் கை அவள் மடியில்தான் இருந்தது. அவன் யாரிடம் சொன்னான் என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த நேரத்துக்குச் சாலவாக்கத்தில் விளக்கு வைத்து, சாப்பிட்டு, பாயும் விரித்துவிட்டார்கள். உத்திரமேரூரிலிருந்து வந்த கடைசி பஸ் விளக்கு போட்டுக்கொண்டு வந்தது. மேல்தாங்கல் எல்லைக்கல்லைத் தாண்டியதும் நல்ல வெயில் அடித்ததால் டிரைவர் விளக்கை அணைத்தார், ஊர் முடிந்ததும் திரும்பப் போட்டார். கோழிகள் அடையவில்லை. கொம்புக்கு வர்ணம் பூசின மாடுகள் மஞ்சள் வெயிலில் தங்கள் நீண்ட நிழலையே முகர்ந்துகொண்டு நின்றன. ஐந்தாவது பொத்தான் உள்ளே போனதும் முனிரத்தினம் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு "ஆச்சு" என்றான். கயிறு அறுந்த குடம் கிணற்றில் விழுகிற மாதிரி சூரியன் விழுந்தது. சிட்டம்மாள் விளக்கைத் தேடிக் கைகளால் துழாவ வேண்டியதாயிற்று.

பிறந்ததிலிருந்தே அவன் நேரம் எடுத்துக்கொள்கிறவன்தான். ஜெயம்மாளுக்கு நாற்பத்துநாலு வயசில், நாற்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் பிறந்தான். கையில் வாங்கின மருத்துவச்சி அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம் மேலே ஏறின கண்கள், சப்பை மூக்கு, உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை, ஈரத்துணி மாதிரி துவள்கிற கைகால். "பால குட்த்து பாரு, நிக்கறவரிக்கும் நிக்கட்டும்" என்றாள். இன்றைக்கு இதற்கு டவுன் சிண்ட்ரோம் என்று பேர் சொல்கிறார்கள். மேல்தாங்கலில் அன்றைக்கு ஒரு பேரும் இல்லை, அதனால் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள், எதுவும் எழுதும்படியாக இல்லை. மார்பை இழுத்துக் குடிக்க அவனுக்குத் தெம்பு போதவில்லை. பதினாலு வயசு சிட்டம்மாள் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு பாலாடையில் துளித்துளியாக ஊற்றினாள். ஒரு பாலாடை உள்ளே இறங்குவதற்குள் தாய்க்காரி ஒரு வயல் களை எடுத்துவிட்டு வந்துவிடுவாள். நாலு வயசில் நடந்தான். ஐந்து வயசில் பேசினான். நாற்பது ஐம்பது வார்த்தை சேர்ந்தது, அதில் வேலைக்கென்று வைத்துக்கொண்டவை இரண்டு: எடுக்கும்போது "இரு", முடிக்கும்போது "ஆச்சு". அப்பன் முன்பே பாம்பு கடித்துப் போயிருந்தான். ஜெயம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது மகளைக் கூப்பிட்டு, நகை நட்டு ஒன்றும் இல்லாததால், ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "அவன் ஒரு வேல எட்த்தான்னா பாதியில புடுங்காத சிட்டு. எவ்ளோ நேரமானாலும் சரி. புடுங்கிட்டா அவனுக்கு அந்த வேலயும் போவும், கையும் போவும்." மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

பொத்தான் சங்கதிக்கு அடுத்த வருஷம் சிட்டம்மாள் தம்பியைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் உள்ளங்கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். பன்னிரண்டு வயசைத் தாண்டமாட்டான், கல்யாணமாகாத பெண் நீ இதற்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். இவனுக்கு என்னதான் தெரியும் என்று கேட்டார். "சட்டைக்குப் பொத்தான் போடுவான்" என்றாள் சிட்டம்மாள், "நேரமாவும், அவ்ளோதான்." டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காட்டட்டுமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்காக அவர் பின்னால் வருத்தப்பட்டிருக்கலாம், தெரியாது.

ஊர் முதலில் கொஞ்சம் பேஜாராகத்தான் போனது. காரணம் உண்டு. கீழண்டைத் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது, எல்லோரும் மற்றவர் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள். பொழுது விடிந்தால் வயலில் இறங்க வேண்டும், பொழுது சாய்ந்தால் கரையேறலாம். அதுதான் வழக்கம், கடிகாரம் யாரிடமும் இல்லை. பொழுது சாயவில்லை என்றால் எத்தனை நேரமானாலும் கரையேற முடியாது, கூலியும் அதே ஒரு மரக்கால் நெல்தான். எனவே பொத்தான் ஊரெல்லாருக்கும் இடுப்புவலியாக முடிந்தது. பக்கத்து வீட்டு மங்கம்மா நாற்று நடுகிற வரிசையிலிருந்து நிமிர்ந்து, சிட்டம்மாளைப் பார்த்துக் கத்துவாள்: "எம்மே சிட்டு, ஒந்தம்பி கையில இன்னா கீதுன்னு போய்ப் பாத்துட்டு வாடி. சட்டப் பொத்தான்னா சொல்லு, நான் இங்கியே பாய் போட்டுக்கறேன்." சிட்டம்மாள் வழி கண்டுபிடித்தாள். நேரமெடுக்கிற வேலையெல்லாம் விடியற்காலையில், ஊர் வயலில் இறங்குவதற்கு முன்னால் என்று வைத்தாள். காலை வெயில் எத்தனை நீண்டாலும் யாருக்கும் கேடில்லை, கஞ்சி மட்டும் இரண்டு தரம் காய்ச்ச வேண்டும். உச்சிப்பொழுதில் அவன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. சாயங்காலம் ஒரு செம்பு கழுவுவது, ஒரு கோழியைப் பிடித்து மூடுவது, அவ்வளவுதான். கோழி ஓடினால் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அவனை அவசரப்படுத்தினால் காரியம் கெடும் என்பதையும் ஊர் கற்றுக்கொண்டது. கையிலிருந்து பிடுங்கப் பார்த்தவரோடு அவன் மூன்று நாள் பேசமாட்டான், நாலாம் நாள் அவர் செருப்பில் ஒன்று காணாமல் போகும்.

பிறகு பிறகு ஊருக்கு அவன் தேவையாகவும் ஆனான். கூரை மேய்ந்து முடியாமல் பொழுது சாய்கிறது என்றால் கீற்றைக் கட்டுகிறவர்கள் கீழே பார்த்து, "ரத்தினம், அந்தக் கயித்துல முடிச்சு கொஞ்சம் அவுத்துக் குடு நைனா" என்பார்கள். மங்கம்மாளின் மகளுக்கு மாட்டுவண்டியில் பிரசவ வலி எடுத்தபோது, திருப்புலிவனத்து மருத்துவச்சி வந்து சேர்கிறவரை அவன் வரட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். பேரன் நல்ல வெயிலில் பிறந்தான். யார் சொன்னாலும் செய்துவிடமாட்டான் என்பதுதான் அவனுடைய பெருமை. மனசிருந்தால் "இரு" என்பான். இல்லாவிட்டால் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பறைச்சத்தம் கேட்கிற பக்கம் ஆடப் போய்விடுவான்.

சிட்டம்மாளைப் பெண் பார்க்க ஏழு பேர் வந்தார்கள், தம்பியும் கூட வருவான் என்றதும் ஏழு பேரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எட்டாவதாகத் திருமுக்கூடலிலிருந்து வேதகிரி வந்தான். ஆற்றுமணலில் வெள்ளரி போடுகிற ஆள். தாம்பாளத்தை முனிரத்தினம் கொண்டுவரட்டும் என்று சிட்டம்மாள் சொல்லியிருந்தாள். வீட்டுக்கும் வாசலுக்கும் பதினெட்டு அடி. வெற்றிலை சரியும், நின்று அடுக்குவான், பாக்கு உருளும், தேடுவான். ராகுகாலம் வந்துவிடும் என்று பெரியவர்கள் புழுங்கினார்கள், ராகுகாலம் வரவில்லை. தாம்பாளம் வேதகிரியின் கைக்கு வந்து, "ஆச்சு" என்று அவன் சொன்ன பிறகே ராகுகாலம் வந்தது. வேதகிரி விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்காக ஒரு பஸ்ஸுகூட நின்னதில்ல. இவனுக்கு ராகுகாலமே நிக்கிது. நானே இங்க வந்துடறேன்" என்றான். வந்தும்விட்டான். மைத்துனன் தன் பீடிக்கட்டை ஒளித்துவைப்பதைப் பற்றி மட்டும் கடைசிவரை புகார் சொல்லிக்கொண்டிருந்தான்.

அறுபதாம் வருஷம் ஐப்பசியில் முனிரத்தினத்துக்குப் பன்னிரண்டு முடிந்தது. சிட்டம்மாள் அவனுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, அவனாகவே பொத்தான் போட்டுக்கொள்கிறவரை காத்திருந்து, பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்கே போனாள். டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அவள் விடவில்லை, கம்பவுண்டரைப் பிடித்து நிறுத்தினாள். "பன்னண்டு முட்ஞ்சி பதிமூணு நடக்குது. டாக்டரு எங்க கீறாரோ, சொல்லிடு" என்றாள். கம்பவுண்டர் முனிரத்தினத்துக்கு ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார். காகிதத்தை அவிழ்த்து முடிக்கிறவரை அந்த ஆஸ்பத்திரியில் நண்பகல் சாப்பாட்டு மணி அடிக்கவில்லை.

ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வரைதான் என்று சொல்லியிருந்தவரை அவள் கணக்கு சுலபம், அவன் இருக்கிறவரை நான் இருப்பேன். இப்போது அவன் பாட்டுக்குத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான். எனக்கு அப்புறம் யார்? அம்மா நாற்பத்தொன்பது வயசில் போனாள், நானும் அப்படிப் போனால்? களை எடுக்கும்போதும் கஞ்சி ஊற்றும்போதும் இதே கேள்வி. கேட்டால் வேதகிரி, "நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்பான். அவளுக்கு அது போதவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வியை மென்றுகொண்டிருந்தவளிடம், அறுபத்துமூன்றாம் வருஷம் தை மாசம், பச்சமுத்து அதற்குப் பதிலோடு வந்தார்.

பச்சமுத்து ஏரிக்குக் கீழே ஒன்பது காணி நிலத்துக்குச் சொந்தக்காரர். கீழண்டைத் தெரு அவரை ஆண்டே என்று கூப்பிடும். அந்தத் தையில் அவருடைய சம்பா நெல் முற்றிச் சாய்ந்து நிற்க, கிழக்கே காலமில்லாத காலத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அறுக்க ஐந்து நாளாகும், மழை ஒரு நாளில் வந்துவிடும். அவர் கீழண்டைத் தெருவுக்குள் அதுவரை வந்ததே இல்லை. வந்தார், சிட்டம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே பேசினார்.

"ஒந்தம்பிய எங்க வூட்டுக்கு அனுப்பு, சிட்டு. மூணு வேள சோறு, வருஷத்துக்கு ரெண்டு துணி. ஒனக்கு அப்பறம் யாரு கீறா அவனுக்கு, சொல்லு? எனக்கு அப்பறம் எம்புள்ளைங்க மூணு பேர் கீறாங்க."

வேதகிரி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். சிட்டம்மாளுக்கு அவன் கண் தெரியவில்லை, ‘ஒனக்கு அப்பறம்’ என்ற வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது. இவ்வளவு பெரிய மனுஷர் தேடி வந்து கேட்கிறார் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன். "அவன் கையில இருந்து எதையும் புடுங்கக் கூடாது, ஆண்டே. அத மட்டும் பாத்துக்கோங்க" என்றாள். பச்சமுத்து, "யாரும் புடுங்கமாட்டாங்க" என்று சத்தியம் மாதிரியே சொன்னார். அந்தச் சொல்லை அவர் மீறவும் இல்லை.

மறுநாள் காலையில் ஒன்பது காணியிலும் அறுவடை இறங்கியது. பிள்ளைக்காரிகள்கூடப் பிள்ளையை வரப்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டு அரிவாளோடு இறங்கினார்கள். சிட்டம்மாளும் வேதகிரியும் மங்கம்மாளும் ஏரிப்பக்கத்துக் காணியில். பொழுது சாய ஒரு பனைமர உயரம் இருக்கும்போது, பச்சமுத்து களத்தில் முனிரத்தினத்தை உட்காரவைத்து, அவன் முன்னால் விதைக்கென்று வைத்திருந்த வேர்க்கடலை மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொட்டினார். பதினோரு மூட்டை. "விதைக்கடல. தோல் கிழியக் கூடாது. இதெல்லாம் உரிச்சாத்தான் ஆச்சு" என்றார். முனிரத்தினம் அந்தக் குவியலை அண்ணாந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனை நம்பி ஒருத்தரும் அவ்வளவு பெரிய வேலை கொடுத்ததில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சூரியனைப் பார்க்காமலே, "இரு" என்றான்.

சூரியன் நின்றது. மேகமும் நின்றது, கிழக்கே ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், சுவரில் பூசின கரி மாதிரி. இந்தப் பக்கம் அறுவடை நடந்துகொண்டே இருந்தது. முதல் காணி முடிந்தது, இரண்டு, மூன்று முடிந்தது. கட்டுக்கள் களத்துக்குப் போயின. பஸ் விளக்கை அணைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து, போட்டுக்கொண்டு போனது. பிறகு மறுநாள் கடைசி பஸ்ஸாக அதே பஸ் அதே மாதிரி வந்து போனது. கண்டக்டர் படியில் நின்று, "இன்னாம்மா, நேத்து வெயில்லியே இன்னும் நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். சாலவாக்கத்தில் ஒரு ராத்திரி கழிந்து அடுத்தது வந்துவிட்டதாக அவன் சொல்லித்தான் தெரியும். மேல்தாங்கலில் அது ஒரே சாயங்காலம். அரிவாள்கள் மழுங்கின. வண்டிமாடு முட்டிபோட்டு உட்கார்ந்தது, எழவில்லை. தூளியில் பிள்ளைகள் அழுது ஓய்ந்து மறுபடி அழுதன. ஏழாவது காணி முடிகிற நேரத்தில் மங்கம்மா நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தாள். வேதகிரி அவள் முகத்தில் வாய்க்கால் தண்ணீரை அடித்தான். கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் தேடியது சிட்டம்மாளைத்தான்.

"போடி. போய் ஒந்தம்பி கையில இருக்கறத புடுங்கிப் போடு. எங்க உயிரு போனாத்தான் போவியா?"

இத்தனை வருஷமாகக் கேலி பேசின வாய்தான் அது. இந்த முறை அதில் கேலி இல்லை. சிட்டம்மாள் அரிவாளை வரப்பில் குத்திவிட்டுக் களத்துக்கு நடந்தாள்.

முனிரத்தினம் கடலை ஓட்டு மேட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். எட்டு மூட்டை மிச்சம். கட்டைவிரல் இரண்டும் வெடித்து, நகக்கண்ணில் ரத்தம். உரித்த பருப்பை நல்லது, தோல் கிழிந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான், கிழிந்தவை ஒரு கைப்பிடிகூட இல்லை. அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நல்ல குவியலைக் காட்டி, "நான்" என்றான். சிட்டம்மாள் குவியலையும் அவன் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடுங்கினால் சூரியன் விழும், ஊர் கரையேறும். ஆனால் இந்தச் சிரிப்பு திரும்பி வராது, இந்தக் கை இனி ஒரு பொத்தானையும் தொடாது, அம்மா சொன்னது அதுதான். பிடுங்காவிட்டால் அந்தப் பக்கம் மங்கம்மா பிழைப்பாளா என்று தெரியவில்லை. அவனை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது தானேதான் என்பதும் தெரிந்தது. களத்தோரம் பச்சமுத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவர் எதையும் பிடுங்கவில்லை.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பிக்கு எதிரில் குந்தினாள். அன்றைக்குப் பொத்தானுக்கு எதிரில் குந்தின மாதிரியேதான். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "ரத்தினம், நானும் ஒன்கூட உரிக்கட்டா?"

அதுவரை அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உதவி என்றால் கை முன்னால் வரும், அவன் தட்டிவிடுவான், அதுதான் நடந்திருக்கிறது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. அவன் அக்காவின் கையைப் பார்த்தான். அரிவாள் பிடித்துப் பிடித்து அதிலும் ரத்தம். அதை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான், வெயில் அசையவில்லை. பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "வா" என்றான்.

வேதகிரிதான் அடுத்து வந்தான். பிறகு ஏரிப்பக்கத்துக் காணியே வந்தது, பிறகு எல்லாக் காணியும். மங்கம்மாளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தரும் அவனிடம் கேட்டார்கள், ஒவ்வொருத்தருக்கும் அவன் "வா" என்றான், கேட்காமல் உட்கார்ந்த ஒருத்தனை மட்டும் எழுப்பி நிற்கவைத்துக் கேட்கவைத்தான். பச்சமுத்து ஓடிவந்தார்.

"டேய், ரெண்டு காணி கதிர் நிக்குதுடா! பொழுது கீதே, எவன் கரையேறச் சொன்னான்?"

"கரையேறல ஆண்டே" என்றாள் மங்கம்மா, படுத்தபடியே ஒரு கடலையை நசுக்கிக்கொண்டு. "ஒங்க வேலதான் பாத்துக்கினு கீறோம். இதெல்லாம் உரிச்சாத்தான் ஆச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

எண்பது பேர், நூற்றறுபது கை. முனிரத்தினம் நடுவில் நடந்து மேற்பார்வை பார்த்தான். ஓடு கலந்து பருப்பைப் போட்டவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது, வேதகிரிக்கு மூன்று. கடைசிக் கடலையை எல்லோரும் அவனுக்கென்று விட்டுவைத்தார்கள். கெட்டி ஓடு, மூன்று பருப்புக் கடலை. விரல் வழுக்கியது. ஒருத்தரும் கை நீட்டவில்லை, ஒருத்தரும் இருமக்கூட இல்லை, தூளியிலிருந்து எடுத்துவந்த பிள்ளைகள்கூட வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஓடு வெடித்தது. மூன்று பருப்பையும் நல்ல குவியலில் வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஆச்சு" என்றான். இருட்டிவிட்டது. அதன் பின்னாலேயே இத்தனை நேரமாகக் காத்திருந்த மழை வந்து இறங்கியது.

விடிந்தபோது இரண்டு காணிக் கதிரும் தண்ணீரில் படுத்திருந்தன. அன்றே அறுத்துத் தூக்காவிட்டால் முளைவிட்டுவிடும். பச்சமுத்து ஆள் அனுப்பினார், கீழண்டைத் தெருவில் ஒருத்தர்கூட வயலுக்குக் கிளம்பவில்லை. அவரே வந்தார். வேப்பமரத்தடியில் தெருவே கூடியிருந்தது, பேசினது சிட்டம்மாள்.

"வர்றோம், ஆண்டே. ஒண்ணுதான் சொல்றோம். இனிமே சூரியன் சொல்லி நாங்க கரையேறமாட்டோம். ரத்தினம் வரப்புல குந்தியிருப்பான், அவன் ஆச்சுன்னா ஆச்சு. அவன் எங்க வூட்லதான் இருப்பான்."

பச்சமுத்து முனிரத்தினத்தைப் பார்த்தார். அவன் ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான், இரண்டாவது பொத்தானில் இருந்தான். மூன்றாவது பொத்தான்வரை யோசித்தார். ஐந்தாவதுக்குச் சரி என்றார். காலை வெயிலும் அதற்கப்புறம்தான் ஏறத் தொடங்கியது.

அன்றைக்கு வயலுக்கு இறங்கும்போது சிட்டம்மாள் மங்கம்மாளிடம், "இவன அங்க அனுப்பினது என் தப்புதான். எனக்கப்பறம் யாருன்னு பயந்துட்டேன்" என்றாள். மங்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு நின்றாள். "அடிப்போடி பைத்தியம். அவன் இல்லாட்டி எங்களுக்குப் பொழுது ஏதுடி? யாருன்னு கேக்கறா பாரு." அந்தக் கேள்வியைச் சிட்டம்மாள் அதற்குப் பிறகு மெல்லவில்லை.

அதிலிருந்து மேல்தாங்கலில் வேலை முடிவது முனிரத்தினத்தின் வாயால்தான். வரப்பில் ஒரு குடை நட்டு, கட்டுக் கட்ட வைக்கோல் பிரி திரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நிமிஷம் தெரியாது, மணி தெரியாது, யார் எத்தனை தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள் என்பது தெரியும். திரித்த பிரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று அவன் "ஆச்சு" என்றால் எண்பது அரிவாளும் ஒன்றாகத் தாழும், சூரியனும் அதன் வழியில் போகும். அறுபத்தைந்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு அறுவடைக்கு அவனை வண்டி வைத்துக் கேட்டார்கள். போய்விட்டு மாலையோடு வந்தான், மாலையை ஒரு வாரம் கழற்றவில்லை. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர்கள் முதலில் அவனைத்தான் கும்பிட்டார்கள், ஓட்டுப்போட வயசாகவில்லை என்று தெரிந்தும். டாக்டர் சொன்ன பன்னிரண்டைச் சிட்டம்மாள் வருஷா வருஷம் ஐப்பசியில் ஒரு தரம் நினைத்துக்கொள்வாள், நினைத்துக்கொண்டு ஒரு படி அரிசி கூடப் போட்டுப் பாயசம் வைப்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் மாட்டுப் பொங்கல் அன்று சிட்டம்மாளின் நாலு வயசு மகள் ஞானசுந்தரி புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு மாமனிடம் ஓடினாள். முதுகுப்பக்கம் மூன்று பொத்தான். மாமனுக்கு இப்போது பத்தொன்பது வயசு, உதட்டுக்கு மேல் பதினாலு மீசை மயிர். அவன் கையைத் துடைத்துக்கொண்டு குந்தினான். அந்தப் பெண் துறுதுறுவென்று, காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு, "சீக்கிரம் மாமா, சீக்கிரம்" என்றாள். "இரு" என்றான் முனிரத்தினம். மேற்கே ஒரு பனைமர உயரத்தில் சூரியன் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மங்கம்மா உலையில் இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள், உத்திரமேரூர் பஸ் எல்லைக்கல்லில் பழக்கமாக விளக்கை அணைத்தது.

இந்த விஷயத்தில் இன்றுவரை தீராத வழக்கு ஒன்றுதான். மேல்தாங்கலில் பொழுது தாமதமாகச் சாய்கிறது என்று சாலவாக்கத்துக்காரர்கள் சொல்கிறார்கள். இங்கே எல்லாம் சரியான நேரத்துக்குத்தான் நடக்கிறது, சாலவாக்கத்தில்தான் சூரியன் கண்டபடி அவசரப்படுகிறது என்று மேல்தாங்கல்காரர்கள் சொல்கிறார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டீர்கள், இப்போது நீங்களே சொல்லுங்கள், யார் சொல்வது சரி?